திருகாணிக்கு எந்த உலோகம்? கம்பி வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

போல்ட், திருகாணி செய்யும் வேலையில் இறங்கியபோது நான் முதலில் கம்பியை வாங்கிவிட்டு, அப்புறம்தான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். மிக அதிக வலிமை கொண்ட 12.9 வகுப்பு ஆலன் போல்ட் ஆர்டர் அது. குரோம்-மாலிப்டினம் கம்பி வாங்கினோம். ஹெடிங் (கம்பி முனையை அடித்துத் தலை உருவாக்குவது) நன்றாக வந்தது, ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) முடிந்து கடினத்தன்மையும் சரியாக இருந்தது. துரு பிடிக்காமல் பளபளப்பாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளர் ஜிங்க் பிளேட்டிங் கேட்டார், போட்டுக் கொடுத்தோம். மாலையில் முறுக்கிவிட்டுப் போன போல்ட்டுகளில் சிலவற்றின் தலை மறுநாள் காலை தரையில் கிடந்தது. யாரும் தொடவில்லை, சுமையும் கூடவில்லை. பிளேட்டிங் வேலையின்போது எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன்தான் காரணம் என்று ஆய்வகம் சொன்னது. முழு லாட்டையும் கழிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆர்டரில் உலோகம் தவறில்லை, பூச்சும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. இரண்டையும் சேர்த்து ஒருவரும் யோசிக்கவில்லை, அதுதான் தவறு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: கம்பி, உருவாக்கும் முறை, ஹீட் ட்ரீட்மென்ட், பூச்சு, போல்ட் போய் உட்காரும் இடம் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி முடித்த பிறகே பணம் கட்டுங்கள். அந்தத் தாளை எப்படி நிரப்புவது என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

"நல்ல ஸ்டீலா போட்டுக் கொடுங்க" என்பதை ஆர்டராக எடுத்துக்கொள்ளாதீர்கள். "எஸ்.எஸ். போல்ட்" (துருப்பிடிக்காத எஃகு போல்ட்) என்பதும் அப்படித்தான். கீழே உள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

எவ்வளவு சுமை தாங்க வேண்டும், அது நிலையான சுமையா, அதிர்வா? எங்கே இருக்கும்: அறைக்குள்ளா, மழையிலா, கடற்காற்றிலா, ரசாயனத்திலா? அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை என்ன? எந்த உலோகத்தில் போய் முறுக்கப்படும்? எந்தத் தரநிலை, எந்த வலிமை வகுப்பு? என்ன பூச்சு, எத்தனை மைக்ரான்? எத்தனை துண்டு, ஒரே முறையா, மாதாமாதமா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சில நூறு துண்டு என்றால் பாரை லேத்தில் கடைவதுதான் வழி. பல்லாயிரம் என்றால் கம்பியை ஹெடிங் இயந்திரத்தில் அடித்து, மரையை உருட்டி எடுக்க வேண்டும். இரண்டு வழிக்கும் வேண்டிய உலோகம் வேறு வேறு. எண்ணிக்கை தெரியாமல் உலோகம் தேர்வு செய்யவே முடியாது.

2. வலிமை வகுப்பைக் கணக்காக மாற்றுங்கள்

எஃகு போல்ட் தலையில் இருக்கும் 8.8, 10.9, 12.9 என்ற எண்கள் ஐ.எஸ்.ஓ. 898-1 தரநிலையில் வருபவை. படிப்பது எளிது. முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது, அதில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதமான 640-இல் நீளத் தொடங்கும்.

எம்10 (10 மி.மீ. மரை விட்டமுள்ள) போல்ட்டில் சுமை தாங்கும் மரைப் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். 640-ஐ 58-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 37,000 நியூட்டன், அதாவது மூன்றே முக்கால் டன் அளவு. உங்கள் வாடிக்கையாளருக்கு இதில் பாதிதான் தேவை என்றால் 10.9 கேட்க ஒரு காரணமும் இல்லை.

இங்கே புதியவர்கள் விழும் குழி, "ஒரு படி மேலே போட்டால் பாதுகாப்புதானே" என்ற நினைப்பு. வலிமை ஏற ஏறக் கடினத்தன்மையும் ஏறுகிறது: எச்.ஆர்.சி. என்ற ராக்வெல் கடின அளவில் 10.9-க்கு 32 முதல் 39, 12.9-க்கு 39 முதல் 44. கடினம் கூடினால் ஹைட்ரஜன் நொறுங்கலும் மரையடியில் விரிசலும் வரும் வாய்ப்பு கூடும், பூச்சுக்கான வழிகளும் குறையும். தேவைக்கு மேல் ஒரு வகுப்புகூட ஏறாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

நட்டையும் மறக்க வேண்டாம். 8.8 போல்ட்டுக்கு 8 வகுப்பு நட், 10.9-க்கு 10. போல்ட்டைப் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்துவிட்டு நட்டைச் சந்தையில் கிடைத்ததாகப் போட்டால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

3. வகுப்புக்கு ஏற்ற எஃகு

4.6, 4.8 வகுப்புகளுக்கு 1008, 1010, 1018 போன்ற தர எண் கொண்ட குறைந்த கார்பன் எஃகு போதும். கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் தேவையில்லை. 4.8-க்கு, கம்பி இழுக்கும்போதும் தலை அடிக்கும்போதும் ஏறும் கடினமே வலிமையைத் தந்துவிடும்.

8.8-இலிருந்து குவென்ச் செய்து (சூடான எஃகை எண்ணெய் போன்றவற்றில் சட்டென்று குளிர்வித்து) டெம்பர் செய்ய (நொறுங்காமலிருக்க மீண்டும் மிதமாகச் சூடாக்க) வேண்டும். இங்கே இரண்டு பாதைகள். ஒன்று, 1035, 1038 போன்ற நடுத்தர கார்பன் எஃகு. இன்னொன்று, 10பி21, 20எம்என்பி4 போன்ற போரான் எஃகு. போரான் எஃகில் கார்பன் 0.2 சதவீதம் அளவுதான் இருக்கும், அதனால் தலை அடிக்க மென்மையாக இருக்கும். போரான் சேர்வது 0.005 சதவீதத்துக்குள்தான் என்றாலும், குவென்ச் செய்யும்போது உள்வரை கடினமாக அதுவே போதும். நடுத்தர அளவு போல்ட்டை அதிக எண்ணிக்கையில் செய்யப் போகிறீர்கள் என்றால் போரான் எஃகையே முதலில் பாருங்கள். அனீலிங் (கம்பியைச் சூடாக்கி மென்மையாக்குவது) செலவும் நேரமும் குறையும், தலை அடிக்கும் அச்சான டை நீண்ட நாள் உழைக்கும்.

போரான் எஃகு வாங்கும்போது சான்றிதழில் மாங்கனீசைப் பாருங்கள். கார்பன் 0.25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 8.8-க்கு மாங்கனீசு குறைந்தது 0.6 சதவீதம், 10.9-க்கு 0.7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

10.9, 12.9-க்கு வரும்போது 4140, 42சிஆர்எம்ஓ4, எஸ்.சி.எம். 435 போன்ற குரோம்-மாலிப்டினம் எஃகுதான் பெரும்பாலும் பயன்படுகிறது. சிறிய விட்டத்தில் போரான் எஃகிலும் 10.9 எடுக்கலாம்.

விட்டம் என்று சொன்னேன், அதைச் சற்று விளக்க வேண்டும். தடித்த போல்ட்டின் நடுப்பகுதி எண்ணெயில் மெதுவாகவே குளிரும். உலோகக் கலவையில் போதுமான குரோமியமோ மாலிப்டினமோ இல்லாவிட்டால் மேல்தோல் கடினமாகவும் நடு மென்மையாகவும் நின்றுவிடும். மரைப் பகுதியின் நடுவிலும் ஏறத்தாழ 90 சதவீதம் மார்ட்டென்சைட் (குவென்ச்சில் உருவாகும் கடினமான உள்ளமைப்பு) வர வேண்டும் என்று தரநிலை கேட்கிறது. எம்8-இல் பிரமாதமாக வந்த அதே கம்பிவகை எம்24-இல் தோற்பது இதனால்தான். ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரிடம், "இந்தக் கலவை, இந்த விட்டம், உங்கள் எண்ணெய், நடுவில் என்ன கடினம் வரும்?" என்று கேளுங்கள். அனுபவமுள்ளவர் உடனே சொல்லிவிடுவார்.

லேத் வேலைக்கான ஃப்ரீ கட்டிங் எஃகு பற்றி ஓர் எச்சரிக்கை. 1215, 12எல்14 போன்றவற்றில் சில்லு உடைந்து வர வேண்டும் என்று கந்தகமும், 12எல்14-இல் ஈயமும் சேர்க்கிறார்கள். கடைவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் அதையே ஹெடிங்கில் அடித்தால் தலை பிளக்கும். 8.8-க்கும் அதற்கு மேலும் இவை ஆகவே ஆகாது. அங்கே கந்தகமும் பாஸ்பரசும் தலா 0.025 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தகட்டில் தானே மரை வெட்டிக்கொள்ளும் திருகாணி வேறு கதை. அதற்கு 1018, 1022 போன்ற மென்மையான எஃகை எடுத்து, மேல்தோலுக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவார்கள். வெளியே குறைந்தது 450 விக்கர்ஸ் (இன்னொரு கடின அளவு) வேண்டும், உள்ளே வளைந்து கொடுக்க வேண்டும். முழுதும் கடினமான எஃகில் செய்தால் முறுக்கும்போதே முறியும்.

4. துருப்பிடிக்காத எஃகு: அதிகம் ஏமாறும் இடம்

"துரு பிடிக்குது, எஸ்.எஸ்.ல மாத்திடுங்க" என்று வாடிக்கையாளர் சொல்வார். உடனே சரி சொல்லாதீர்கள். எஸ்.எஸ். போல்ட்டுகளில் ஏ2 என்பது 304 வகை, ஏ4 என்பது 316 வகை, பின்னால் வரும் எண் வலிமை. ஏ2-70 என்றால் 700 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை, ஆனால் நிரந்தரமாக நீளத் தொடங்குவது 450-இல். 8.8-இல் அது 640. அதே அளவு போல்ட்டை மாற்றினால் தாங்கும் திறனில் சுமார் 30 சதவீதம் போய்விடும். ஏ4-80 போட்டால் 600 வரை வரும். அதுவும் போதாது என்றால் விட்டத்தைக் கூட்ட வேண்டும்.

இந்த வலிமை ஹீட் ட்ரீட்மென்ட்டில் வருவதில்லை. 304, 316 இரண்டையும் குவென்ச் செய்து கடினமாக்க முடியாது. கம்பி இழுப்பதிலும் தலை அடிப்பதிலும்தான் வலிமை ஏறுகிறது. கடைந்து செய்யும்போது பார் மென்மையான நிலையில் இருந்தால் 70 வராது, 50-தான் வரும். பார் வாங்கும்போதே குளிர் இழுப்பு செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

எதை எங்கே என்று சுருக்கமாக:

ஹெடிங்குக்கு 302 எச்.கியூ. இதில் 3 முதல் 4 சதவீதம் செம்பு இருப்பதால் அடிக்க அடிக்க 304 போல முரண்டு பிடிக்காது, அடிக்கும் பஞ்சும் டையும் பிழைக்கும். துரு எதிர்ப்பில் 304-க்கு இணையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கடற்காற்றுக்கும் உப்புள்ள இடங்களுக்கும் 316. அதிலிருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் வித்தியாசம்.

லேத்துக்கு 303. கந்தகம் இருப்பதால் நன்றாகக் கடையலாம், அதே காரணத்தால் துரு எதிர்ப்பு 304-ஐ விடக் குறைவு. வெளியில் நனையும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

கடினம் வேண்டும் என்றால் 410. குவென்ச் செய்யலாம், ஆனால் துரு எதிர்ப்பு கணிசமாகக் குறையும். எஃகுத் தகட்டைத் தானே துளைக்கும் திருகாணியை 304-இல் செய்தால் முனை மழுங்கிவிடும். அதனால்தான் 304 உடலுக்குக் கார்பன் எஃகு முனையை ஒட்டவைத்துச் செய்கிறார்கள்.

இப்போது குழிகள். முதலாவது 201. நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய எஃகு இது. பார்வைக்கு 304 மாதிரியே இருக்கும், விலை குறைவு, மழை பட்டால் சீக்கிரம் பழுப்பு நிறம் தட்டும். காந்தம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நல்ல 304 போல்ட்டே குளிர் நிலையில் அடிபட்ட பிறகு லேசாகக் காந்தத்தில் ஒட்டும், 201 கம்பியோ ஒட்டாமல் இருக்கலாம். கலவையைக் கருவியில் சோதித்தால்தான் தெரியும்.

இரண்டாவது, மரை பிடித்துக்கொள்வது. எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக ஓட்டினால் பாதியில் இறுகி ஒட்டிக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். மெழுகுப் பூச்சோ ஆன்டி-சீஸ் பசையோ தடவி, மெதுவாக முறுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. குளோரைடும் இழுவிசையும் சேர்ந்தால் 304, 316 இரண்டிலும் வெளியே தெரியாமல் விரிசல் ஓடும். 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் மேற்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இப்படித்தான் அறுந்தன. உள்ளரங்க நீச்சல் குளத்தின் மேற்கூரைக்கு என்று ஆர்டர் வந்தால் 316 போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கென்றே 1.4529 போன்ற உயர் கலவைகள் இருக்கின்றன. வடிவமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுக் கொடுத்ததை மட்டும் செய்யுங்கள்.

5. மற்ற உலோகங்கள்

புதியவர்களுக்கு இவற்றில் ஆர்டர் குறைவாகத்தான் வரும், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

பித்தளை மின் இணைப்புகளுக்கு நல்லது. குளிர் நிலையில் அடித்த பித்தளையில் தகைவு (உள் இறுக்கம்) தங்கியிருக்கும். அமோனியா பட்டால் அந்தப் பித்தளை விரிசல் விடும், ஆகவே அடித்த பிறகு குறைந்த வெப்பத்தில் தகைவு நீக்கிவிடுங்கள். மரப் படகு, கடல்நீர் என்றால் சிலிக்கான் வெண்கலம். அலுமினியத்தில் 2024, 6061, 7075 மூன்றும் வழக்கத்தில் உள்ளன. 7075 கேட்டால் ஹீட் ட்ரீட்மென்ட் நிலை டி6 பதமா, டி73 பதமா என்று கேளுங்கள். தகைவும் அரிப்பும் சேர்ந்து வரும் விரிசலைத் தாங்குவதில் டி73 எவ்வளவோ மேல். டைட்டேனியம் 5-ஆம் தரம் எஃகில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல் எடையில் 8.8-ஐத் தாண்டும் வலிமை தரும். பெரும்பாலும் சூடாக்கித்தான் தலை அடிக்க வேண்டும், மரையும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

சூடான இடங்களுக்கு ஒரு குறிப்பு. சாதாரண வகுப்பு போல்ட்டுகளை 150 டிகிரி செல்சியஸ் வரைக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் தனியாகப் பேச வேண்டும். நீராவிக் குழாய் போன்ற இடங்களுக்கு பி7 என்ற குரோம்-மாலிப்டினம் எஃகு, அதற்கும் மேலே 650 டிகிரி அளவில் ஏ286, இன்கோனல் 718 என்ற வெப்பம் தாங்கும் கலவைகள்.

6. எதோடு சேர்கிறது என்று பாருங்கள்

இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நனைந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். தின்னப்படும் உலோகம் சிறியதாகவும் மற்றது பெரியதாகவும் இருந்தால் சீக்கிரம் தீரும். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எஸ்.எஸ். திருகாணியைப் போடுவதைப் பல இடங்களில் சமாளிக்கலாம். பெரிய எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் போட்டால் ரிவெட் கரைந்துபோகும். போல்ட் சிறிய பொருள் என்பதால், அது தொடும் தகட்டைவிடத் துரு எதிர்ப்பில் ஒரு படி மேலே இருக்கட்டும். கடலோரம் என்றால் நடுவில் நைலான் வாஷரும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வெப்பத்தில் விரிவதும் கணக்கில் வரும். ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் எஃகு சுமார் 12 மைக்ரான் விரியும், 304 சுமார் 17, அலுமினியம் சுமார் 23. அலுமினியப் பாகத்தை எஃகு போல்ட்டால் இறுக்கிச் சூடாக்கினால் போல்ட்டின் இழுவிசை ஏறும், குளிர்ந்தால் தளரும்.

7. பூச்சை முடிவு செய்த பிறகே கம்பி

இந்தப் படியை நான் கடைசியில் செய்ததால்தான் முதல் ஆர்டர் போனது.

அமிலத்தில் கழுவும்போதும் மின்பூச்சுத் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். மென்மையான எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். 390 விக்கர்ஸுக்கு மேல் கடினமான போல்ட் பொறுக்காது. முறுக்கிச் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் தலையடியில் பட்டென்று விட்டுவிடும். 12.9 வகுப்பு ஏறத்தாழ முழுவதும் இந்த எல்லைக்கு மேல்தான் இருக்கிறது.

புகுந்த ஹைட்ரஜன் வெளியேற, பூச்சு போட்டதும் 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் உலையில் சுட வேண்டும். எவ்வளவு நேரம் என்பது கடினத்தைப் பொறுத்தது, 24 மணி வரை போவதுண்டு. ஆனால் சுட்டுவிட்டோம் என்பதே உத்தரவாதம் ஆகாது. 12.9-க்கு மின்பூச்சே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. கறுப்பு ஆக்சைடும் எண்ணெயும் போட்டுக் கொடுங்கள், அல்லது ஜிங்க் ஃபிளேக் (துத்தநாகச் செதில்கள் கலந்த) பூச்சுக்குப் போங்கள். ஜிங்க் ஃபிளேக்கில் மின்சாரம் இல்லை. அமிலத்துக்குப் பதிலாகச் சிறு எஃகுக் குண்டுகளை வீசியடித்துச் சுத்தம் செய்தால் ஹைட்ரஜனுக்கு வழியே இருக்காது.

இன்னொன்று 12.9-க்கு மட்டும். கம்பி இழுக்க வசதியாக அதன்மேல் பாஸ்பேட் பூச்சு இருக்கும். அதைக் கழுவாமல் உலையில் போட்டால் பாஸ்பரஸ் மேல்தோலுக்குள் இறங்கி நொறுங்கும் வெள்ளைப் படலம் உண்டாகும். தரநிலை அதை அனுமதிப்பதில்லை. "பாஸ்பேட் நீக்கிய பிறகே உலைக்கு" என்று வேலை ஆணையிலேயே எழுதுங்கள்.

ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது) என்றால் துத்தநாகக் குளியல் 450 டிகிரி அளவில் இருக்கும். போல்ட்டை அதற்குக் கீழே டெம்பர் செய்திருந்தால் வலிமை இறங்கிவிடும். 12.9-க்கு இது கிடையாது. எம்8-க்குக் கீழே மரை அடைத்துக்கொள்ளும். நட்டின் மரையைப் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கும்.

பூச்சுத் தடிமனும் கணக்கில் சேர வேண்டும். 60 பாகை மரையில் 8 மைக்ரான் பூச்சு போட்டால் நடுவிட்டம் (மரைச் சரிவின் பாதி உயரத்தில் அளக்கும் விட்டம்) 32 மைக்ரான் கூடும், அதாவது நான்கு மடங்கு. அந்த இடத்தை உருட்டும்போதே விட்டுவைக்க வேண்டும். எம்10-க்கு மரை உருட்டும் கம்பி 10 மி.மீ. இல்லை, ஏறத்தாழ 9 மி.மீ. முதல் காயிலை (கம்பிச் சுருளை) 10 மி.மீ.யில் வாங்கி வைத்துக்கொண்டு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8. காகிதங்கள்

மில் சான்றிதழ் இல்லாத கம்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சான்றிதழிலும் வகை இருக்கிறது. இஎன் 10204 தரநிலைப்படி 2.2 என்பது பொதுவான அறிக்கை, உங்கள் கைக்கு வந்த காயிலைச் சோதித்து எழுதியது அல்ல. 3.1 என்பது அந்தக் குறிப்பிட்ட சரக்கின் சோதனை முடிவு. 3.2 என்றால் வெளி ஆய்வாளரும் கையெழுத்திட்டிருப்பார். 8.8-க்கும் மேலும், எஸ்.எஸ். அனைத்துக்கும் 3.1 கேளுங்கள்.

கையில் வந்ததும் சான்றிதழிலுள்ள ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்) காயிலில் தொங்கும் அட்டையோடு ஒப்பிடுங்கள். அட்டை இல்லாத காயிலைத் திருப்பி அனுப்பலாம், அதில் தயக்கம் வேண்டாம். காயிலின் முனையில் ஒரு துண்டை வெட்டி, விட்டத்தின் ஒன்றரை மடங்கு உயரத்தில் நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நசுக்கிப் பாருங்கள். பக்கத்தில் விரிசல் ஓடினால் அந்தக் கம்பியில் நீளவாட்டத்தில் மெல்லிய பிளவுக் கோடு இருக்கிறது, தலை பிளக்கும். பத்து நிமிட வேலை இது, ஒரு லாட்டைக் காப்பாற்றும்.

கலவையைச் சோதிக்கக் கையடக்க எக்ஸ்ரே கருவி வைத்திருப்பவர்கள் உண்டு. 201-ஐ 304-இலிருந்து பிரிக்கவும், 316-இல் மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கவும் அது போதும். ஆனால் அதற்குக் கார்பன் தெரியாது. 1018-ஐயும் 1045-ஐயும் அது பிரித்துச் சொல்லாது. கார்பன் தெரிய வேண்டும் என்றால் தீப்பொறி நிறமாலைச் சோதனைக்குக் கொடுங்கள்.

ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரிடம் உலை வெப்ப வரைபடமும் கடினத்தன்மை அறிக்கையும், பிளேட்டிங் செய்பவரிடம் தடிமன் அறிக்கையும் சுட்ட நேரப் பதிவும் வாங்குங்கள். சுட்ட பதிவில் தொட்டியிலிருந்து எடுத்த நேரமும் உலைக்குள் போன நேரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். எனக்கு வந்த பதிவில் இரண்டாவது நேரம் மட்டும்தான் இருந்தது, முதலாவதைக் கேட்க வேண்டும் என்றே அன்று எனக்குத் தெரியாது.

9. செலவு

கம்பியின் கிலோ விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள், ஒரு துண்டுக்கான விலையை ஒப்பிடுங்கள். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், பித்தளை சுமார் 8.5, டைட்டேனியம் 4.43, அலுமினியம் சுமார் 2.8. கிலோவுக்கு விலை கூடினாலும் ஒரு கிலோவில் அதிகத் துண்டு வரலாம்.

துண்டு விலையில் இவை எல்லாம் சேர வேண்டும்: கம்பி, அனீலிங், பஞ்ச்-டை தேய்மானம், ஹீட் ட்ரீட்மென்ட், பூச்சு, சோதனை, கழிவு. எஸ்.எஸ். அடித்தால் டை வேகமாகத் தேயும். லேத்தில் கடைந்தால் தலைக்கும் உடலுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சில்லாகப் போகும், விலையுயர்ந்த உலோகத்தில் அதுவே பெரிய தொகை.

உலைக்காரரும் பூச்சுக்காரரும் ஒரு குறைந்தபட்ச லாட் கட்டணம் வைத்திருப்பார்கள். 20 கிலோ கொண்டுபோனாலும் அதே கட்டணம்தான். சிறிய ஆர்டரில் இது கம்பி விலையையே தாண்டிவிடும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எஸ்.எஸ். விலை நிக்கலோடு ஏறி இறங்கும். உங்கள் விலைப்பட்டியலில் "இந்தத் தேதி வரைதான்" என்று கட்டாயம் எழுதுங்கள்.

10. காலம்

கம்பி கையிருப்பில் இருக்கிறதா, ஆலையில் உருக்கி இழுக்க வேண்டுமா என்பதில்தான் பெரும்பாலான நாள் போகும். வழக்கமான தரம், வழக்கமான விட்டம் என்றால் உடனே கிடைக்கும். அபூர்வக் கலவை என்றால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும், குறைந்தபட்ச அளவும் டன் கணக்கில் இருக்கும். வடிவமைப்பவரிடம் பேசி, கையிருப்பில் கிடைக்கும் இணைத் தரத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்க முடியுமா என்று முதல் நாளே பாருங்கள்.

கம்பியிலுள்ள கார்பைடைக் கோளங்களாக்கி மென்மையாக்கும் கோளவடிவ அனீலிங் உலையில் ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் ஓரிரு நாளில் முடிந்தாலும் அங்கே வரிசை இருக்கும். பூச்சின் துரு எதிர்ப்பைப் பார்க்கும் உப்புப் புகைச் சோதனையை எல்லோரும் மறக்கிறார்கள். வாடிக்கையாளர் 720 மணி நேரம் கேட்டால் அது முழுதாக 30 நாள். சோதனை முடிவோடுதான் சரக்கு வேண்டும் என்றால் அந்த 30 நாளையும் உங்கள் தேதியில் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடின போல்ட்டுகளுக்கு இன்னும் 2 நாள் ஒதுக்குங்கள். பூச்சு முடிந்த லாட்டிலிருந்து சில துண்டுகளை எடுத்து, தடித்த எஃகுத் தகட்டில் இறுக்கமாக முறுக்கி 48 மணி நேரம் அப்படியே விடுங்கள். 24 மணிக்கு ஒரு முறை மீண்டும் அதே இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, முடிவில் கழற்றித் தலையடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒன்றில் விரிசல் தெரிந்தாலும் லாட்டை அனுப்பாதீர்கள்.

11. முதல் லாட்டுக்கு முன் ஐம்பது துண்டு

எல்லாம் சரியாக இருந்தாலும் முழுக் காயிலையும் ஓட்டாதீர்கள். ஐம்பது துண்டு அடித்து, அதே உலை, அதே பூச்சுத் தொட்டி வழியாக அனுப்பி, இழுவிசைச் சோதனையும் கடினச் சோதனையும் செய்து, வாடிக்கையாளர் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். மாதிரிக்கு ஓர் உலைக்காரர், பெரிய லாட்டுக்கு வேறொருவர் என்று மாற்றினால் அந்த ஒப்புதலுக்குப் பொருள் இல்லை.

அப்புறம், ஒவ்வொரு லாட்டிலும் பத்துத் துண்டுகளைப் பையில் போட்டு, ஹீட் நம்பர், உலை லாட் எண், பூச்சுத் தேதி மூன்றையும் அட்டையில் எழுதி உள்ளே வைத்து எடுத்து வையுங்கள். அறுகோணத் தலை போல்ட் எம்5 அல்லது அதற்கு மேல் என்றால் வகுப்பு எண்ணோடு உங்கள் அடையாளக் குறியும் தலையில் இருக்க வேண்டும். அந்தக் குறியுள்ள ஒரு போல்ட் இரண்டு வருடம் கழித்து உடைந்து உங்கள் மேசைக்கு வந்தால், முதலில் தேட வேண்டியது அந்தப் பையைத்தான்.